தண்ணீரைத் தெளிய வைத்த கதை
(வானொலி உரை)

வழக்கமாக உரம், விதை, பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் நான். இன்றைக்கு ஒரு கண்ணாடித் தொட்டியிலே ஆரம்பித்து நம்ம ஊர் ஊருணியிலே வந்து முடிக்கப் போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

என் வீட்டிலே பையன் ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறான். அடியிலே மணல், மணலிலே நீர்ச்செடி, செடிக்கு இடையே நாலைந்து மீன். மூலையிலே ஒரு சின்ன மோட்டாரும், தண்ணீரை வடிகட்ட ஒரு பஞ்சுக் கட்டையும் உண்டு. மோட்டார் இரவும் பகலும் ஓடுகிறது. அப்படியும் தண்ணீரிலே இலைத் துணுக்கு, தூசு, மீன் தின்றது போக மிஞ்சிய இரை எல்லாம் மிதந்துகொண்டே இருந்தது. "அப்பா, வடிகட்டி ஓடுதே, பிறகு ஏன் அழுக்கா இருக்கு?" என்று கேட்டான்.

பஞ்சைக் கழற்றிப் பார்த்தேன். களிமண் உருண்டை மாதிரி இருந்தது. அழுகிய இலையும் மீன் கழிவும் அதிலே அடைத்துக் கிடந்தன. வாங்கி வைத்த நாளிலிருந்து யாரும் அதைக் கழுவவில்லை. "தம்பி, வடிகட்டி அழுக்கைத் தின்பது கிடையாது. சேர்த்து வைக்கும். அள்ளிப் போட வேண்டியது நாமதான்" என்றேன். இன்றைய பேச்சின் சாரமே அதுதான். இதை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது, நம்ம சீமையிலே எப்படிக் கற்றிருந்தார்கள், பிறகு எப்படி மறந்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

கண்ணாடித் தொட்டியிலே செடியும் மீனும் சேர்ந்து வாழும் என்று சோதனை செய்து எழுதி வைத்தவர், லண்டனிலே இருந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர். அது 1850ஆம் வருடம். தொட்டியிலே இரண்டு தங்கமீனையும், நாடா போல நீண்ட இலை உள்ள ஒரு நீர்ச்செடியையும் விட்டார். செடி விடுகிற பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும், மீன் விடுகிற கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கொஞ்ச நாளிலே செடியின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன, தண்ணீர் கலங்கியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? குளத்திலிருந்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகல் இலையைத் தின்றது, தண்ணீர் தெளிந்தது. ஆக, செடி இருந்தால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. செடியின் கழிவை எடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். அங்கே அந்த ஆள் நத்தை!

சின்னத் தொட்டிக்கு நத்தை போதும், பெரிய காட்சிசாலைக்குப் போதுமா? வில்லியம் ஆல்போர்ட் லாயிட் என்பவர் இதற்கு வேறு வழி கண்டார். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் திறந்த மீன் காட்சிசாலையில், ஜனங்கள் பார்க்கிற தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய ஒரு நீர்த்தேக்கத்தைத் தரைக்கு அடியிலே இருட்டில் வைத்தார். தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து கீழே போகும். அங்கே தங்கித் தெளிந்து, இயந்திரத்தால் மேலே ஏறித் திரும்பவும் தொட்டிக்கு வரும். ஓடுகிற இடத்திலே அழுக்கு நகரும், நிற்கிற இடத்திலே படியும். இந்த இரண்டையும் தனித்தனி இடத்திலே வைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

நம்ம நாட்டிலே 1909இல் சென்னை மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை வந்தது. நம்ம கடற்கரைக்கு வந்தால், 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. 1971இல் தலைமையிடம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்து நிலையம் தொடர்ந்து நடக்கிறது. இந்த மாதிரி நிலையங்களிலே கடல் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் விடுவதில்லை. முதலில் தங்க வைத்து, மணலிலே வடித்து, பிறகுதான் விடுவார்கள். அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டால், மீனுக்கு இரை போடுவதைவிடத் தண்ணீரைக் கவனிப்பதுதான் பெரிய வேலை என்பார்கள்.

சரி, இனி நம்ம ஊருக்கு வருவோம்.

இராமநாதபுரம் சீமையிலே வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையிலே பெய்கிற மழைதான் நமக்கு. கடலோரத்திலே தோண்டினால் பல இடத்தில் உப்புத் தண்ணீர். ஆகையினாலே விவசாயத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி என்று பிரித்து வைத்தார்கள். வள்ளுவரே அறிவுடையவன் செல்வத்துக்கு ஊருணியை உவமை காட்டியிருக்கிறார் என்றால், அது எவ்வளவு பழைய சொத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைத் தண்ணீர் ஓடி வரும்போது மூன்று வகை அழுக்கைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஒன்று மிதப்பது: சருகு, குச்சி, வைக்கோல், நுரை. இரண்டாவது அடியிலே உருண்டு வருவது: மணல், சரளை. மூன்றாவது நடுவிலே கலந்து நிற்பது: வண்டல், களி. என் பையனுடைய தொட்டியிலும் இதே மூன்றுதான். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

மிதப்பதற்கு வைத்தியம் மேல்மட்டத்திலே. கண்மாயோ ஊருணியோ நிறைந்தால் கலுங்கு வழியே தண்ணீர் மறுகால் பாய்கிறதே, அப்போது முதலில் போவது மேலாக உள்ள தண்ணீர். சருகும் நுரையும் அதோடு போய்விடும். வெள்ளத்துக்காகக் கட்டியதுதான் கலுங்கு, ஆனால் மேல் அழுக்கை வழித்து விடுகிற வேலையையும் அது பார்க்கிறது. இன்றைக்கு மீன் தொட்டிக் கடையிலே, மேல்மட்டத் தண்ணீரை மட்டும் உறிஞ்சுகிற ஒரு கருவியை விற்கிறார்கள். அது செய்வதும் இதே வேலைதான். நிறையாத வருடத்திலே காற்று உதவுகிறது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்த மூலையிலே குப்பை ஒதுங்கும். அங்கே அரித்து அள்ளினால் போதும், ஊருணி முழுக்கத் துழாவ வேண்டியதில்லை.

அடியிலே உருளுகிற மணலுக்கு வைத்தியம் வரத்துக்காலிலே. தண்ணீர் வேகமாக வந்தால் மணலைத் தூக்கி வரும், வேகம் குறைந்தால் போட்டுவிடும். அதனாலேதான் பல ஊரிலே தண்ணீரை நேராக ஊருணிக்கு விடாமல், கண்மாயிலே தங்க வைத்துப் பிறகு கால் வழியே விட்டார்கள். கண்மாய் நமக்கு லாயிட் கட்டிய தேக்கம் மாதிரி! வரத்துக்காலின் வாயிலே ஒரு பள்ளம் வைத்தால் மணல் அதிலே விழும். காலின் தரையிலே அருகும் கோரையும் குட்டையாக இருந்தால் அதுவும் ஒரு வடிகட்டி. பாண்டி நாட்டுக் கண்மாய்களிலே இருந்த பழைய குமிழித் தூம்புகளில் தண்ணீர் போக நீரோடித் துளையும், அடியிலே சேறு போகச் சேறோடித் துளையும் வைத்தார்கள். சேறு வயலுக்குப் போனால் உரம், கண்மாயிலே தங்கினால் மேடு.

மூன்றாவது இருக்கிறதே, நடுவிலே கலங்கி நிற்பது, அதுதான் சிரமம். ஒரு அடி ஆழம் இறங்க நுண்மணலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வண்டலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மிக நுண்ணிய களிக்கு அசையாத தண்ணீரிலேயே மூன்று, நான்கு நாள் வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் அது இறங்காது. மாடு இறங்கி ஒரு தரம் உழப்பினால் நாலு நாள் தெளிவு நாலு நிமிடத்திலே போச்சு. குடிக்கிற ஊருணியிலே மாடு குளிப்பாட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்ததற்குக் காரணம் இதுதான்.

அப்படியும் தெளியாத தண்ணீருக்குப் பாட்டிமார் தேற்றாங்கொட்டை வைத்திருந்தார்கள். பானையின் உட்புறத்திலே கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றினால், கொஞ்ச நேரத்திலே கசடு திரண்டு அடியிலே போய்விடும். கொட்டையிலே உள்ள சத்து களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. ஒட்டியது கனமாகிறது, கனமானது விழுகிறது. பெரிய ஊர்களிலே தண்ணீர்த் தொட்டியில் படிகாரம் போடுவதும் இதே தத்துவம்தான். இதைச் சங்க நூலான கலித்தொகையே உவமையாகச் சொல்கிறது.

மணலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடற்கரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இராமேஸ்வரம் தீவிலே கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தத்திலே கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர். என்ன ரகசியம்? மழைத் தண்ணீர் மணல் வழியே மெதுவாக இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கிறது. மணல் வடிகட்டுகிறது. அதிகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும், அது வேறு விஷயம்.

சீமையிலே இந்த மணல் பாடத்தைப் பெரிய அளவில் படித்தது பிற்பாடுதான். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி ஊரில் 1804இல் ஜான் கிப் என்பவர் மணல் வடிகட்டி அமைத்தார். லண்டன் செல்சியில் 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் நகரத்துக்கே தண்ணீர் தரும் மணல் படுகை கட்டினார். அதன் பலன் 1892இல் ஜெர்மனியிலே தெரிந்தது. ஹாம்பர்க் நகரம் எல்ப் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது. அடுத்து ஒட்டியிருந்த அல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த அதே ஆற்றுத் தண்ணீரை மணலிலே வடித்துக் குடித்தது. காலரா வந்தது. ஹாம்பர்க்கிலே 8,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. சென்னையிலும் 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன.

மணல் வெறும் சல்லடை என்று நினைத்துவிடாதீர்கள். மணலின் மேற்பரப்பிலே சில நாளிலே வழுவழுப்பாக ஒரு படலம் படியும். அதிலே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவைதான் கிருமியையும் அழுகலையும் தின்கிறவை. தண்ணீர் மணிக்கு நாலு முதல் எட்டு அங்குலம் என்று மெதுவாக இறங்கினால்தான் அவற்றுக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும்.

இது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். வயலிலே போட்ட யூரியா முதலில் அமோனியாவாகி, பிறகு மண்ணிலே உள்ள நுண்ணுயிரால் நைட்ரேட் ஆகிப் பயிருக்குப் போகிறது இல்லையா? மீன் தொட்டியிலும் மீன் விடுகிற அமோனியாவை மணலிலும் பஞ்சிலும் உள்ள அதே மாதிரி நுண்ணுயிர்கள் நைட்ரேட் ஆக்குகின்றன, செடி அதை உரமாக எடுத்துக்கொள்கிறது. ஊருணியிலே அல்லியும் கோரையும் செய்வதும் இதைத்தான். ஆனால் அல்லி இலை காய்ந்து உள்ளேயே விழுந்து அழுகினால், எடுத்த உரமெல்லாம் திரும்பவும் தண்ணீருக்கே வந்துவிடும். வாரிங்டன் தொட்டியிலே நடந்தது நினைவிருக்கிறதா? அதே கதை.

ஆகக்கூடி, கலுங்கு குப்பையை ஒதுக்கும், பள்ளம் மணலைப் பிடிக்கும், புல் வண்டலை நிறுத்தும், செடி சத்தை உறிஞ்சும். எல்லாம் பிடித்து வைக்கிற வேலைதான். பிடித்ததை வெளியே கொண்டு போகிற வேலை மனிதக் கையினுடையது. அந்தக் கைக்கு நம்ம பெரியவர்கள் வைத்த பெயர் குடிமராமத்து.

கோடையிலே ஊர் கூடி வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வண்டல் வெட்டுவார்கள். வெட்டிய வண்டல் வயலுக்கு எருவாகும். இந்த வழக்கம் தளர்ந்து போனதாலேதான் 1858இல் சென்னை மாகாண அரசாங்கம் சட்டம் போட்டது, வழக்கமான மராமத்துக்கு வராதவர் பணம் கட்ட வேண்டும் என்று. சட்டம் போட்டாலும் வழக்கம் திரும்பவில்லை. இராமநாதபுரம் 1803இல் நிரந்தர ஜமீன் ஆகியிருந்தது. பல இடத்திலே வரி வசூலுக்கு இருந்த அக்கறை மராமத்துக்கு இல்லை. 1948ஆம் வருடச் சட்டத்தினால் ஜமீன் ஒழிந்தது, கண்மாய்களும் ஊருணிகளும் சர்க்கார் இலாகாவுக்கும் பஞ்சாயத்துக்கும் வந்தன. "இனி சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்று ஊர் கையைக் கட்டிக்கொண்டது.

பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து ஊருணியிலே எல்லோரும் தண்ணீர் எடுக்க முடிந்ததா? இல்லை. வேலைக்கு மட்டும் கூப்பிட்டு, தண்ணீருக்குத் தள்ளி நிற்கச் சொன்ன ஊர்கள் உண்டு. அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம். வண்டல் வெட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடலோரத்து ஊர் ஒன்று, பெயர் வேண்டாம். ஊருணிக் கரையிலே சரளையும் மணலும் போட்டு நல்ல வடிகட்டி கட்டிக் கொடுத்தார்கள். முதல் வருடம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தாய்மார்கள் ரொம்ப சந்தோஷப்பட்டார்கள். மூன்றாவது வருடம் நான் போனபோது கிணற்றிலே தண்ணீர் ஊறவே இல்லை. பெண்கள் பழையபடி படித்துறையிலே இறங்கி, முந்தானையை மடித்துப் பாசியை ஒதுக்கித் தண்ணீர் மொண்டார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் மணலின் மேலே ஒரு அங்குலம் சேறு. கருவேல இலை அழுகின வாடை. "சார், வடிகட்டி கெட்டுப் போச்சு" என்றார்கள். கெட்டுப் போகவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது, பிடிக்க வேண்டியதையெல்லாம் பிடித்து வைத்திருந்தது. சுரண்டி எடுக்கத்தான் ஆள் இல்லை.

குறை அந்தத் தாய்மார்கள் மேல் இல்லை. கட்டிக் கொடுத்தவர்கள் சுரண்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் பல தடவை போனவன், நானும் சொல்லவில்லை. அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து மேல் மணலை ஒரு அங்குலம் வழித்தோம். ஒரு பகல் வேலைதான். தண்ணீர் ஊற ஆரம்பித்தது.

2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு திட்டம் கொண்டு வந்தது. 2022இல் அம்ரித் சரோவர் திட்டத்திலே மாவட்டத்துக்கு 75 நீர்நிலை என்று எடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் இயந்திரம் வந்து ஒரு தடவை தூர் வாரிவிட்டுப் போகும். அடுத்த வருடத்துச் சருகை எடுக்க அது வராது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டதே, ஊருணி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். குழாய் நிற்கிற நாளிலே எங்கே போவீர்கள்? ஊருணி நிறைந்தால்தானே பக்கத்துக் கிணறும் ஊறும்?

ஆகையினாலே ஐந்து காரியம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஆவணி, புரட்டாசியிலே, மழைக்கு முன்னால், வரத்துக்காலிலே கிடக்கிற சருகையும் முளைத்த சீமைக்கருவேலையும் எடுத்துவிடுங்கள். புல்லை வேரோடு பிடுங்க வேண்டாம், குட்டையாக அறுத்தால் போதும்.

இரண்டு, முதல் மழைத் தண்ணீரை ஊருணிக்கு விடாதீர்கள். தெருக் குப்பை எல்லாம் அதிலேதான் வரும். அடைத்துத் திருப்பி விட்டு, இரண்டாவது மழையிலே திறங்கள்.

மூன்று, வரத்து வாய்ப் பள்ளத்தை வருடா வருடம் வெட்டுங்கள். அல்லியும் பாசியும் ஊருணியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பரவினால் அரித்து வெளியே போடுங்கள், கரையிலே போடாதீர்கள். எருக்குழியிலே போட்டால் உரம்.

நான்கு, மணல் வடிகட்டி இருந்தால், தண்ணீர் ஊறுவது குறைந்தவுடன் மேல் மணலை ஒரு அங்குலம் வழித்து எடுங்கள். எடுத்த மணலைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள், திரும்பவும் போடலாம். வழித்த பிறகு படலம் திரும்பவும் படியச் சில நாள் ஆகும்.

ஐந்து, தெளிந்த தண்ணீர் என்றால் கிருமி இல்லாத தண்ணீர் என்று அர்த்தமில்லை. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

வீட்டிலே பிள்ளைகள் மீன் தொட்டி வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் ஒரு ஓரத்திலே விழுந்து எதிர் ஓரத்திலே உறிஞ்சும்படி மோட்டாரை வையுங்கள், குப்பை தேங்குகிற மூலை இருக்காது. பழுத்த இலையை நறுக்கி எடுங்கள். இரையைக் குறையுங்கள். பஞ்சை வாரம் ஒரு தடவை கழுவுங்கள், ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலே கழுவுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரிலே கழுவினால் அதிலே இருக்கிற நல்ல நுண்ணுயிர் செத்துப்போகும்.

என் பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஞ்சைக் கழுவுகிறான். தொட்டி தெளிவாக இருக்கிறது. மோட்டார் அதேதான், பஞ்சு அதேதான், செடியும் அதேதான். ஊருணிக்கும் அப்படி வருடத்துக்கு ஒரு நாள், வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு மண்வெட்டி போதும். வருகிற புரட்டாசியிலே உங்கள் ஊரிலே அந்த நாள் எது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.